இடது கால், வலது கால், அக்காவின் கண்

வீட்டில் அவனுக்கு முக்கால் டாக்டர் என்று பெயர். ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது, இன்னும் ஒரு வருடம் பாக்கி, ஆகவே முக்கால் என்று அக்காதான் கணக்குப் போட்டு வைத்தாள். நாளடைவில் டாக்டர் உதிர்ந்துபோய் முக்கால் மட்டும் நின்றது. "முக்கால் வந்துட்டானா?" "முக்காலுக்கு எடுத்து வெச்சாச்சா?" என்று பெற்ற தாயே அவனைப் பின்னத்தில் கூப்பிடத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது.

அவன் ஆராய்ந்தது எலியின் கெண்டைக்கால் தசையை. அதில் மரத்துப்போகிற ஊசியைப் போட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பது வேலை. பல் பிடுங்கும்போது போடும் ஊசிக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. அதைவிட அதிக நேரம் வேலை செய்யும். பெயர் பூபிவாகெயின். வலியை மரக்கவைக்கப் பிறந்த மருந்துதான். ஆனால் தசைக்குள்ளேயே நேராக இறங்கிவிட்டால் வேறு முகத்தைக் காட்டும். தசை இழைகள் சில மணி நேரத்தில் செத்துவிழும். பிறகு அதே இடத்தில், மூன்று வாரத்துக்குள், புது இழைகள் முளைத்து நிற்கும். ஏன் சாகிறது, எப்படி முளைக்கிறது என்று மூன்று வருடமாக முக்கால் பார்த்துக்கொண்டிருந்தான். மருந்தின் பெயர் அடிக்கடி காதில் விழுந்தும் வீட்டில் ஒருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அவன் நிம்மதியாக இருந்தான்.

அக்கா பெண்களுக்கு முடி வெட்டுகிற பார்லரில் பன்னிரண்டு வருடமாக மூன்றாம் நம்பர் நாற்காலிக்குச் சொந்தக்காரி. சில மாதங்களாக அவளுடைய இடது கண் வெளிப்பக்கமாக நழுவ ஆரம்பித்திருந்தது. களைத்துவிட்டால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். ஒரு தலைக்கு நாலு காது தெரிந்த ஒரு மத்தியானம், கத்தரி நிஜமான காதைத் தேர்ந்தெடுத்துவிட்டது. வாடிக்கையாளருக்கு இரண்டு தையல். "கண்ணைச் சரிபண்ணிட்டு வா, அதுவரைக்கும் துண்டு மடிச்சிட்டு இரு" என்றாள் பார்லர்காரி. மூன்று மாதத்துக்குள் சரியாகவில்லை என்றால் நாற்காலி வேறொருத்திக்கு. அக்கா ஐந்து வாரமாகத் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை முக்கால் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு அவளையும் அம்மாவையும் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். கண் டாக்டர் வேகமாகப் பேசுகிறவர்.

"கண்ணை உள்பக்கமா இழுக்கற தசை தளர்ந்துபோச்சு. ஆபரேஷன் பண்ணி இழுத்துக் கட்டலாம். இல்லன்னா அந்தத் தசையில ஒரு ஊசி. தசை கொஞ்சம் அழியும். திரும்ப வளரும்போது முன்னைவிடப் பலமா வளரும். வெட்டின முடி மாதிரின்னு வெச்சுக்குங்களேன். வியாழக்கிழமை காலையில இடம் இருக்கு."

மருந்தின் பெயரை அவர் சொன்னதும் அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அதாவது ஒரு கண் தம்பியைப் பார்த்தது, இன்னொன்று கதவைப் பார்த்தது.

"இது நம்ம எலி மருந்தாச்சே!"

வெளியே வந்ததும் அவள் நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். "முடிய வெட்டினா பலமா வளரும்ங்கறது பொய்டா. பன்னெண்டு வருஷமா அந்தப் பொய்யச் சொல்லித்தான் நான் பொழைக்கறேன். என்கிட்டயே அதைத் திருப்பி விக்கறாரே இந்த மனுஷன்?"

"அப்ப ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" என்றாள் அம்மா.

"கத்தரியா? என் கண்ணுக்குள்ளயா? கத்தரி எப்பெப்போ வழுக்கும்னு எனக்குத் தெரியும்மா." அவள் முக்காலின் சட்டைக் கையைப் பிடித்தாள். "ஊசிதான் ஒரே வழி. மூணு வருஷமா இதைத்தானே படிக்கற? ஒரே வார்த்தையில சொல்லு. போட்டுக்கலாமா, வேண்டாமா?"

முக்கால் கண்ணை மூடினான். ஊசி போட்ட நாலாம் நாள் எடுத்த எலித்தசையின் ஸ்லைடு கண்முன் வந்தது. இளஞ்சிவப்பாக நெருக்கி அடுக்கிய இழைகள் இருக்கவேண்டிய இடத்தில் காலி உறைகள்; உறைகளுக்குள் பிணம் தூக்க வந்த செல்களின் கூட்டம்.

"அது தசையைக் கொன்னுடும்," என்றான்.

அம்மா அவனுக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஆனா திரும்ப முளைச்சுடும்."

"யாருக்கு?"

"எலிக்கு."

"என் பொண்ணு எலியாடா?"

"இல்லம்மா."

"அப்ப நேராச் சொல்லு."

"லேபுல பார்த்துச் சொல்றேன்மா," என்றான். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு பதில் என்று அக்கா கெடு வைத்தாள்.

பதிலுக்கு ஒரு வழி இருந்தது. அவனுடைய கடைசிக் கட்ட எலிகள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் இடது காலில் மருந்து, வலது காலில் வெறும் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போடுவது. ஊசி போட்டு இருபத்தோராம் நாள் இரண்டு கால் தசையையும் எடுத்து எடைபோட்டு, உறையவைத்து, மெல்லிசாகச் சீவிப் பார்க்கவேண்டும். அந்த இருபத்தோராம் நாள் பாழாய்ப்போன வெள்ளிக்கிழமையில்தான் விழுந்திருந்தது. "நீங்க போய்ட்டு வாங்க தம்பி, நான் எடுத்து வெக்கறேன்" என்று எலி அண்ணன் பொறுப்பேற்றுக்கொண்டார். எலி அண்ணன் என்பவர் எலிக்கூடங்களைப் பராமரிக்கிற டெக்னீஷியன். கை சுத்தம், வேலை சுத்தம். எலிகள்கூட அவர் வந்தால் மரியாதையாக ஓரமாய் ஒதுங்கும். ஆறு எலிக்கும் இரண்டிரண்டு குப்பியில் 'இ', 'வ' என்று எழுதி, எடையும் குறித்து, பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்.

முக்கால் திங்கள் முழுக்கச் சீவினான். செவ்வாய் மத்தியானம் வரைக்கும் சாயம் ஏற்றினான். மூன்று மணிக்கு மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தான்.

முதலில் மருந்து போட்ட இடது கால். பார்த்ததும் அவனுக்கு ஒரு கணம் கண்ணில் நீர் கோத்தது. அத்தனை அழகு. இழைகள் எல்லாம் முழுசு. உட்கருக்கள் எல்லாம் ஒழுங்காக விளிம்பில். செத்துப் பிழைத்த இழைக்கு ஒரு தழும்பு உண்டு. விளிம்பில் இருக்கவேண்டிய உட்கரு நட்டநடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும், எலியில் அப்புறம் எளிதில் நகராது. அந்தத் தழும்புகூட இல்லை. மருந்து பட்டதாகவே தெரியவில்லை.

உடனே அக்காவுக்கு போன் செய்தான்.

"அக்கா, ஒண்ணுமே ஆகல! சுத்தமா ஆறியிருக்கு. பழையபடியே இருக்கு!"

"பழையபடியேவா?"

"அச்சு அசல் பழையபடி!"

ஹேர் ட்ரையர் இரைச்சலுக்கு மேல் அக்காவின் குரல் உயர்ந்தது. "டேய், பழைய தசையாலதானே கண்ணு கோணியிருக்கு? பழையபடியே வரதுக்கு நான் எதுக்குடா கண்ணுல ஊசி குத்திக்கணும்?"

முக்கால் அதை யோசித்திருக்கவில்லை. "ஆமால்ல," என்றான். "அப்ப வேண்டாம்."

"வேண்டாமா? நிச்சயமா?"

"இரு, வலது காலையும் பார்த்துடறேன்."

வலது கால், உப்புத் தண்ணீர் போட்டது. அதில் இழைக்கு இழை, நடுவில் ஓர் உட்கரு. எண்ணத் தொடங்கி இருநூறில் நிறுத்தினான். அத்தனையும் ஒரு முறை செத்துப் பிழைத்தவை. ஆறு எலியிலும் அதே கதை. எடையைப் பார்த்தான். ஆறில் நாலு எலிக்கு உப்புத் தண்ணீர்க் கால்தான் சற்றுக் கனம்.

ஆக, மருந்து ஒன்றும் செய்யாது. உப்புத் தண்ணீர் தசையைக் கொன்று, திரும்ப வளர்த்து, கொழுக்கவும் வைக்கும். ஆனால் இதே முக்கால் தன் கையால் எடுத்த நாலாம் நாள் எலிகளில் மருந்துக் கால்தான் நாசமாகியிருந்தது. உப்புத் தண்ணீர்க் கால் கல்லுக்குண்டாக இருந்தது. நாலாம் நாளுக்கும் இருபத்தோராம் நாளுக்கும் நடுவில் எலிகள் கால்களை மாற்றிக்கொண்டனவா? அவன் ஸ்லைடைத் தலைகீழாக வைத்துப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தான். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தும் பார்த்தான். உட்கருக்கள் நடுவிலேயே இருந்தன.

உப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். பாட்டில் அப்பாவியாக இருந்தது.

புதன்கிழமை காலை முதல் வேலையாக எலிக்கூடத்துக்குப் போனான்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை இடது கால எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

எலி அண்ணன் தீவனத் தட்டைக் கீழே வைத்தார். "இது என்ன கேள்வி தம்பி? இடது பக்கம் இருந்துச்சு, எடுத்தேன்."

"எலிய எப்படிப் படுக்க வெச்சீங்க?"

"மல்லாக்க."

"மல்லாக்கவா? நாம எப்பவும் கவுத்துப் போட்டுத்தானே ஊசி போடுவோம், கெண்டைக்கால் மேல வரட்டும்னு?"

"பக்கத்து லேப்ல ஈரல் கேட்டிருந்தாங்க. அதே எலியிலயே எடுத்துக் குடுத்துட்டா அவங்களுக்காக இன்னொரு ஆறு சாகவேண்டாம்ல? ஈரல் எடுக்க மல்லாத்தித்தானே ஆகணும். அந்தக் கையோட கால் தசையையும் எடுத்துட்டேன். ஏன், கெட்டுப்போச்சா?"

"ஒரு நிமிஷம் அண்ணே," என்று சொல்லிவிட்டு, எலிகளை அறுக்கும் நீளமான எஃகு மேசையில் ஏறி, தலையைச் சுவர் பக்கம் வைத்து, குப்புறப் படுத்தான்.

"கால் பக்கம் வந்து நில்லுங்க. உங்க இடது கைப் பக்கம் இருக்கறது என்னோட எந்தக் கால்?"

"இடது."

அவன் புரண்டு மல்லாந்தான். "இப்ப?"

எலி அண்ணன் பக்கத்தில் கிடந்த கத்தரியை எடுத்து அவனுடைய ஒரு காலின் பக்கமாக நீட்டினார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். பிறகு முக்காலின் முகத்தைப் பார்த்தார். "அடப்பாவி," என்று மெல்லச் சொன்னார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே வந்தார். முக்காலின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அவர்தான். மேசையில் மல்லாந்து கிடக்கும் மாணவனையும், கத்தரியோடு நிற்கும் எலி அண்ணனையும் நிதானமாகப் பார்த்தார்.

"இது எத்தனாவது நாள்?"

"நாலாவது வருஷம் மேடம்," என்றார் எலி அண்ணன்.

முக்கால் இறங்கி, சட்டையைத் தட்டிக்கொண்டு, விஷயத்தைச் சொன்னான். எலி அண்ணன் எடுத்தது எலியின் இடதை அல்ல, தன் இடதை. ஆகவே 'இ' என்று எழுதியதெல்லாம் உப்புத் தண்ணீர், 'வ' என்று எழுதியதெல்லாம் மருந்து. லேபிளைத் திருப்பிவிட்டால் எல்லாம் பொருந்திப்போகிறது. மருந்து பட்ட தசை செத்து, முளைத்து, கொஞ்சம் கனமாகவும் ஆகியிருக்கிறது.

"ஆறு எலியையும் ஒரே மாதிரித்தான் மல்லாத்தினீங்களா?" என்று மேடம் எலி அண்ணனைக் கேட்டார். "தலை எந்தப் பக்கம் இருந்தது?"

"சுவர்ப் பக்கம்தான் மேடம்." எலி அண்ணன் யோசித்தார். "கடைசி ஒண்ணு ரெண்டுக்கு வெளிச்சம் பத்தலன்னு திருப்பிப் போட்டேனோ என்னவோ."

மேடம் முக்காலைப் பார்த்தார். "கேட்டியா? உனக்குப் பிடிச்ச முடிவு வர்ற பக்கமா லேபிளைத் திருப்பிக்கறதுக்குப் பேர் ஆராய்ச்சி இல்ல. ஆறும் போச்சு. புதுசா ஆறு எலி, புதுசா இருபத்தோரு நாள்."

"எனக்கு இன்னிக்கு சாயங்காலம் பதில் வேணும் மேடம்."

"யாருக்கு?"

"அக்காவுக்கு. நாளைக்குக் கண்ணுல இதே ஊசி."

மேடம் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் கேள்வி இளகவில்லை. "எலி காலுக்கும் அக்கா கண்ணுக்கும் எவ்வளவு தூரம்னு நினைக்கற?"

முக்கால் நினைத்துப் பார்த்தான். இந்தப் பக்கம் எலி. அந்தப் பக்கம் அக்கா. நடுவில் அவன், எந்தப் பக்கம் இடது என்பதுகூட நிச்சயமில்லாமல்.

சாயங்காலம் பார்லருக்குப் போனான். அக்கா சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து வெள்ளைத் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாகத் தெரிவதால் ஓரத்தோடு ஓரம் கண்ணால் சேர்க்காமல், விரலால் தடவிச் சேர்த்தாள். மூன்றாம் நம்பர் நாற்காலிக்குப் பின்னால் புதிதாக ஒரு பெண் நின்று யாருக்கோ முன்முடி வெட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். மல்லாக்க, குப்புற, ஈரல், கடைசி ஒன்று இரண்டு எலி, ஒன்றையும் விடவில்லை.

"அப்ப ஆமாவா, இல்லையா?"

"தெரியலக்கா."

அவள் கையில் இருந்த துண்டு பாதி மடிப்பில் நின்றது. "வெள்ளிக்கிழமை கொல்லும்னே. நேத்து ஒண்ணுமே ஆகாது, அதனால வேண்டாம்னே. இன்னிக்கு தெரியலங்கற. இதுல எதுடா உண்மை?"

"இன்னிக்கு சொன்னதுதான்."

அவள் சிரித்துவிட்டாள். புதுப் பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "இதைச் சொல்லவாடா உன்னை மூணு வருஷம் படிக்க வெச்சோம்?" துண்டை மடித்து முடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "சரி, நான் போட்டுக்கறேன். இந்த நாற்காலிக்கு நான் துண்டு மடிச்சுக் குடுத்துட்டு உட்கார்ந்திருக்க முடியாது. ஆனா நாளைக்கு நீயும் வா. டாக்டர் சொல்றது எனக்குப் புரியாது, உனக்கும் புரியாது. ரெண்டு பேருக்குப் புரியலன்னா கொஞ்சம் தைரியமா இருக்கும்."

வியாழக்கிழமை முதலில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரக்கவைத்தார்கள். ஊசியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி ஒரு பெட்டிக்குப் போயிற்று. ஊசி முனை எந்தத் தசையில் இருக்கிறது என்பதை அந்தப் பெட்டி சத்தம் போட்டுச் சொல்லும். "மூக்கைப் பாருங்க" என்றார் டாக்டர். அக்கா மூக்கைப் பார்க்க முயன்றதும் பெட்டி, ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி கரகரவென்று இரைந்தது. தளர்ந்த தசைதான், ஆனால் அவ்வளவு சத்தம் போட்டது. அந்த நொடியில் மருந்து உள்ளே இறங்கியது. சத்தம் சன்னமாகி, சன்னமாகி, நின்றது. மூன்று வருடமாக முக்கால் செத்த தசையைப் பார்த்திருக்கிறான். அது அடங்கிப்போவதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை மத்தியானம் அம்மா லேபுக்கு போன் செய்தாள். அழுகைக்கு நடுவில் வார்த்தை தேடவேண்டியிருந்தது. "கண்ணு இன்னும் வெளிய போயிடுச்சுடா. ஊசி போடறதுக்கு முன்னாடியே தேவலாம்டா."

அவன் ஓடினான். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடது கண் காதைப் பார்க்கிற அளவுக்கு வெளியே ஒதுங்கியிருந்தது. நல்ல கண் அவனை நேராகப் பார்த்தது. அதில் பயம் இருந்தது.

"இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லு. மழுப்பாம சொல்லு."

இதை மட்டும் அவனால் மழுப்பாமல் சொல்ல முடிந்தது. "இன்னிக்கு நாலாவது நாள். ஊசி பட்ட இழையெல்லாம் செத்திருக்கும். செத்ததைத் தின்னு சுத்தம் பண்ண ஒரு கூட்டம் வந்திருக்கும். ஆனா இழையைச் சுத்தி இருந்த உறை அப்படியே காலியா நிக்கும். நரம்புக்கும் ரத்தக் குழாய்க்கும் பெருசா ஒண்ணும் ஆகியிருக்காது. உறைக்குள்ள ஓரமா ஒட்டிட்டு சின்னச் சின்ன செல்லு தூங்கிட்டு இருக்கும். மருந்துக்கு அதுங்க சாகறதில்ல. அதுங்க இப்ப முழிச்சு, பெருகி, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, அந்த உறைக்குள்ளயே புது இழையாகும்."

"அப்ப இப்போதைக்கு அங்க தசையே இல்ல?"

"கொஞ்சம் இல்ல."

"வந்துடும்?"

"எலிக்கு வந்துச்சு."

"எந்தக் காலுக்கு?"

அவள் ஒரு கறுப்புத் துணியைக் கண்மேல் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் தினமும் காலையில் துணியை அவிழ்த்து, எட்டடி தள்ளி ஒரு பேனாவைப் பிடிக்கச் சொல்லி, எத்தனை பேனா என்று தனக்குத்தானே எண்ணிக்கொண்டாள். முக்கால் தேதி போட்டுக் குறித்துவைத்தான். ஒன்பதாம் நாள் இரண்டு பேனா, நடுவில் ஒரு சாண் இடைவெளி. பதினாலாம் நாள் நாலு விரற்கடை. பதினேழாம் நாள் திரும்பவும் ஒரு சாண். ஏன் என்று தெரியவில்லை. அன்றைக்கு அவன் லேபில் புது ஆறு எலிக்கும் கால் பெருவிரல் நகத்தில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தான், மருந்துக் கால் எதுவென்று எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரியட்டும் என்று. இருபதாம் நாள் அக்கா பேனாவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான் மாதிரி இருக்கு, நீ எதுக்கும் இன்னொன்னை ஒளிச்சு வெக்கலையே?" என்றாள்.

இருபத்தாறாம் நாள் மூவரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்முன் நகர்த்திக் கோணலை அளந்தார். முன்பு இருபத்தைந்து. இப்போது பதினொன்று.

"பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. வேலைக்குப் போலாம். சாயங்காலம் களைச்சா ரெண்டாத் தெரியலாம், அப்ப மட்டும் கத்தரியைக் கீழ வெச்சுடுங்க."

அக்கா எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், திரும்பவும் எழுந்தாள். பார்லருக்கு அங்கிருந்தே போன் போட்டாள். காலைப்பொழுதுக்கு மூன்றாம் நம்பர் நாற்காலி அவளுக்கு, மத்தியானத்துக்கு மேல் புதுப் பெண்ணுக்கு என்று பார்லர்காரியோடு பேசி முடித்தே போனை வைத்தாள்.

முக்கால் மட்டும் நகரவில்லை. "டாக்டர், செத்துப் பிழைச்ச தசை ஏன் முன்னைவிடப் பலமாகுது? காலி உறைக்குள்ள பழையபடிதானே வளரணும்? உபரி எங்கேருந்து வருது?"

டாக்டர் முதல் முறையாக மெதுவாகப் பேசினார். "ஆளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. எனக்கு முழுசாத் தெரியாது. எல்லாருக்கும் இவ்வளவு குறையறதும் இல்ல. நீங்கதானே இதைப் படிக்கறீங்க? கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க."

வெளியே வந்ததும் அக்கா முன்னால் வேகமாக நடந்தாள். சாலையோரக் கடைப் பலகைகளை ஒன்றுவிடாமல் சத்தமாக வாசித்துக்கொண்டே போனாள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு பலகைதான் என்பதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். அம்மா பின்தங்கி மகனோடு சேர்ந்துகொண்டாள்.

"அவளுக்குத்தான் சரியாயிடுச்சுல்ல? நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

"ஏன் சரியாச்சுன்னு தெரியலம்மா."

அம்மா நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரிஞ்சுட்டா திரும்பக் கோணிக்குமா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்த முக்கால், அதற்கும் தன்னிடம் ஆதாரம் இல்லை என்று கண்டு, அக்காவை எட்டிப்பிடிக்க நடையைக் கூட்டினான்.